கணிப்பொறியில் ஒரு தசையிழை

முன்னுரை

'நரம்பு' என்னும் சொல் சங்க இலக்கியத்தில் யாழின் இசைநரம்பையும் மனித உடலின் நரம்பையும் ஒருங்கே குறித்து நிற்கிறது. இழுத்துக் கட்டிய யாழ்நரம்பில் விரல் பட்டால் இசை பிறக்கிறது. உடல் நரம்பில் மின்துடிப்பு ஓடினால் அசைவு பிறக்கிறது. நாம் எழுதுகோலை எடுப்பதும், மூச்சை உள்ளிழுப்பதும், இமையை மூடித் திறப்பதும் தசைகளின் தொழிலே. அத்தொழில் ஒவ்வொன்றும் தசையிழையைச் சுற்றியுள்ள மென்படலத்தில் எழும் ஒரு நுண்ணிய மின் நிகழ்ச்சியோடு தொடங்குகிறது. அந்நிகழ்ச்சியைச் சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியில் மீண்டும் நிகழ்த்திக் காட்டும் துறை ஒன்று கடந்த எழுபது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். நோய் வந்தவர் தம் துன்பத்தைத் தாய்மொழியில்தான் சொல்கிறார். அவரைப் பற்றி வீட்டாரும் அண்டை அயலாரும் சொல்லும் காரணமும் தாய்மொழியில்தான் அமைகிறது. சரியான விளக்கம் அம்மொழியில் இல்லாதபோது அந்த இடத்தை வீண்பழி நிரப்பிவிடுகிறது. 'சோம்பேறி', 'நடிக்கிறான்', 'காற்றுக் கறுப்பு அண்டிவிட்டது' என்னும் சொற்கள் அத்தகையன. தசையின் மின்தொழிலைக் கணிப்பொறி எவ்வாறு கணிக்கிறது, அக்கணிப்பு இத்தகைய பழிச்சொற்களுக்கு என்ன விடை தருகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மென்படலத்தின் மின்னழுத்தம்

எலும்போடு இணைந்து இயங்கும் தசை, ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு ஆகும். ஓர் இழையின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். அதனைச் சுற்றிக் கொழுப்புப் பொருளால் ஆன மென்படலம் உள்ளது. படலத்தின் உட்புறத்தில் பொட்டாசியம் மிகுதி. வெளிப்புறத்தில் சோடியமும் குளோரைடும் மிகுதி. இவை மின்னேற்றம் பெற்ற அணுக்கள்; இவற்றை அயனிகள் என்கிறோம். இந்த ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தப் படலத்தில் ஓயாது இயங்கும் இறைப்பான்கள் உள்ளன. அவை ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொணர்கின்றன.

ஓய்வு நிலையில் தசையிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட்டு எதிர்மின்னழுத்தம் கொண்டுள்ளது. இது சிறிய மின்கலத்தின் அழுத்தத்தைவிட மிகக் குறைவு. ஆயினும் படலத்தின் கனத்தையும் கருதுதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஒரு இலட்சம் பங்கு செய்தால் அதில் ஒரு பங்கினும் மெல்லியது அப்படலம். எனவே அதன் குறுக்கே நிலவும் மின்புலம் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டைத் தாண்டுகிறது. காற்றில் மீட்டருக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் வோல்ட்டு என்ற அளவிலேயே மின்பொறி பாய்ந்துவிடும். அம்பத்தூர், ஆவடி வழியே ஓடும் மின்தொடர் வண்டிகளின் மேற்கம்பியில் 25,000 வோல்ட்டு மின்னழுத்தம் உள்ளது. அதனருகே செல்ல அஞ்சுகிறோம். அதனினும் பன்மடங்கு செறிந்த மின்புலத்தை ஒவ்வொரு தசையிழையும் தாங்கி நிற்பது வியக்கத்தக்கது.

ஏரியும் மதகும்

மென்படலத்தில் அயனிகள் செல்லும் நுண்ணிய வழிகள் உள்ளன. இவற்றை அயனித் தடங்கள் எனலாம். சோடியத்திற்கு ஒரு வகைத் தடம், பொட்டாசியத்திற்கு வேறொரு வகை, குளோரைடுக்கு இன்னொரு வகை. இத்தடங்களுள் பல, மின்னழுத்தத்திற்கு ஏற்பத் திறந்து மூடும் கதவுகளைக் கொண்டவை.

இதனைக் கணக்கிடும் முறையை நம் வட்டாரத்து ஏரியைக் கொண்டு விளக்கலாம். பூவிருந்தவல்லியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. இப்போது நீர்மட்டம் எவ்வளவு, வரத்து எவ்வளவு, மதகு வழியே வெளியேற்றம் எவ்வளவு, ஏரியின் பரப்பு எவ்வளவு என்பவை தெரிந்தால், ஒரு மணி நேரம் கழித்து நீர்மட்டம் எங்கு நிற்கும் என்று கணித்துவிடலாம். அந்தப் புதிய மட்டத்தைக் கொண்டு அதற்கடுத்த மணி நேரத்தைக் கணிக்கலாம். தசையிழைக் கணக்கும் இதுவே. நீர்மட்டத்தின் இடத்தில் மின்னழுத்தம். வரத்தின் இடத்தில் உட்புகும் மின்னோட்டம். ஏரிப் பரப்பின் இடத்தில் படலத்தின் மின்தேக்குதிறன். கால அடி மட்டும் மணிக்கணக்கில் இல்லாமல் நொடியின் இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏரியின் மதகை மனிதர் திறக்கிறார்; தசையிழையின் மதகை மின்னழுத்தமே திறக்கிறது. நரம்பின் தூண்டலால் மின்னழுத்தம் சற்று உயர்ந்தவுடன் சோடியத் தடங்கள் சில திறக்கின்றன. சோடியம் உட்புகுவதால் மின்னழுத்தம் மேலும் உயர்கிறது. அதனால் மேலும் பல தடங்கள் திறக்கின்றன. நீர்மட்டம் உயர உயரத் தானே அகலும் வரத்துக் கால்வாய் போன்றது இது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் உட்புறம் நேர்மின்னழுத்தம் பெறுகிறது. உடனே சோடியத் தடங்கள் தாமே அடைத்துக்கொள்கின்றன; காலம் தாழ்த்தித் திறக்கும் பொட்டாசியத் தடங்கள் வழியே பொட்டாசியம் வெளியேறி, மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்குகிறது. இதுவே ஒரு மின்துடிப்பு. ஓரிடத்தில் எழும் துடிப்பு அண்டையிடத்தைத் தூண்ட, இழை நெடுக அது பரவுகிறது. மனிதத் தசையில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டர். அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டு மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்ட நாள் முதல் நம் சாலைகள் நன்கறிந்த வேகம் அது.

துடிப்பு பரவுதலைக் கணிக்க உதவும் சமன்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. கடலடித் தந்திக் கம்பியில் குறிப்பு எவ்வாறு மங்கிச் செல்கிறது என்பதை ஆராய்ந்து வில்லியம் தாம்சன் 1855இல் அமைத்த கணக்கு அது. சென்னையிலிருந்து பினாங்குக்கு 1870–71இல் இடப்பட்ட கடலடிக் கம்பியிலும் செயற்பட்டது அதே விதி. உப்பு நீரில் கிடக்கும் உறையிட்ட கம்பியும், உப்பு நீரில் கிடக்கும் தசையிழையும் கணித நோக்கில் உறவுடையன.

கையால் சுழற்றிய கணக்கு

இத்துறையின் தோற்றுவாய் தசையன்று. கணவாய் மீனின் பெருநரம்பு. இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்சிலி ஆகிய இருவரும் அந்நரம்பில் சோடிய, பொட்டாசிய மின்னோட்டங்களைத் தனித்தனியே அளந்தனர். அவற்றின் கதவுகள் திறந்து மூடும் வேகத்தைச் சமன்பாடுகளாக்கி 1952இல் வெளியிட்டனர்.

சமன்பாடுகள் சரியா என்று சோதிக்க வேண்டிய வேளையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி மாற்றியமைக்கும் பணிக்காக ஆறு திங்கள் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்சிலி தளரவில்லை. கைப்பிடி கொண்டு சுழற்றும் பிரன்ஸ்விகா என்னும் கணக்கிடு கருவியில் ஒவ்வோர் அடியாகக் கணித்தார். நரம்பில் ஓடும் ஒரு மின்துடிப்பைக் கணித்து முடிக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. கிடைத்த வேகம் நொடிக்கு 18.8 மீட்டர், உயிருள்ள நரம்பில் அளந்த வேகம் 21.2 மீட்டர். தனித்தனியே அளந்த உறுப்புகளைச் சமன்பாட்டில் கோத்தபோது முழுமையின் இயல்பு தானே வெளிப்பட்டது. இருவருக்கும் ஜான் எக்கில்சுடன் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று வாரக் கணக்கை இன்று சாதாரணக் கணிப்பொறி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது.

தசையிழையின் தனித்தன்மைகள்

நரம்பின் சமன்பாட்டை அப்படியே தசைக்குப் பொருத்த இயலாது. இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, தசையிழையின் படலம் மேற்பரப்போடு நிற்பதில்லை. அது மிகக் குறுகிய குழல்களாக இழையின் நடுப்பகுதி வரை உட்செல்கிறது. இவற்றைக் குறுக்குக் குழல்கள் என்பர். மேற்பரப்பில் எழும் துடிப்பை ஆழத்திற்குக் கொண்டுசென்று, இழை முழுவதும் ஒருங்கே சுருங்கச் செய்வது இவற்றின் பணி. இதனால் ஒரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் பொட்டாசியம் இக்குறுகிய குழல்களில் தேங்குகிறது. வடிகால் இல்லாத தெருவில் மழைநீர் தேங்குவதைப் போன்றது இது. தேங்கிய பொட்டாசியம் மின்னழுத்தத்தை மேல்நோக்கித் தள்ளும்.

இரண்டாவது, தசையில் குளோரைடுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓய்விலிருக்கும் தசையிழைப் படலத்தின் மின்கடத்து திறனில் முக்கால் பங்கு அளவுக்குக் குளோரைடுத் தடங்களால் அமைகிறது. ஏரி உவமையைத் தொடர்ந்தால், இது கலங்கல் போன்றது. மட்டம் வரம்பு மீறாதபடி கலங்கல் காப்பது போல, மின்னழுத்தம் ஓய்வு நிலையை விட்டு விலகாதபடி குளோரைடு காக்கிறது.

தவளைத் தசையில் மின்னோட்டங்களை அளந்து ஏட்ரியன், சாண்டிலர், ஹாட்ஜ்கின் ஆகியோர் 1970இல் வெளியிட்டனர். அவ்வளவுகளைக் கொண்டு 1973இல் ஏட்ரியனும் பீச்சியும் தவளைத் தசையிழையின் மின்துடிப்பைக் கணிப்பொறியில் மீட்டுருவாக்கினர். குறுக்குக் குழல்களைக் கணக்கில் கொணர, இழையை வெங்காயத் தோல்கள் போன்ற அடுக்கு வளையங்களாகப் பகுத்துக் கணிப்பது இத்துறையின் வழக்கமாயிற்று.

பொய் எனப்பட்ட நோய்

இனி, இக்கணக்கு மனித வாழ்வைத் தொடும் இடத்திற்கு வருவோம்.

யூலியசு தாம்சன் என்னும் மருத்துவர் சிலெசுவிக் பகுதியில் வாழ்ந்தவர். இறுகப் பிடித்த கையை உடனே விரிக்க அவரால் இயலாது. அமர்ந்திருந்து எழுந்தால் முதல் சில அடிகளுக்குக் கால்கள் விறைத்து நிற்கும். நடக்க நடக்க விறைப்பு தளரும். அவருடைய குடும்பத்தில் தலைமுறைதோறும் இக்குறை தொடர்ந்தது. அவருடைய மகன் ஒருவர், படைத்துறைப் பணியிலிருந்து தப்ப நடிக்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டார். அப்பழியைத் துடைக்கும் வகையில் தாம்சன் 1876இல் தம் குடும்பத்தின் நோயை விரிவாக எழுதி வெளியிட்டார். பிறவித் தசைவிறைப்பு நோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நோய் மெய் என்று சொல்ல முடிந்ததே அன்றி, ஏன் என்று சொல்ல முடியவில்லை. அதற்கு உதவியவை ஆடுகள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு வகை ஆடுகள் உண்டு. திடீரென அச்சுறுத்தினால் கால்கள் விறைத்துச் சாய்ந்துவிடும், நினைவு மாறுவதில்லை. இவற்றின் தசையிழைகளை ஆராய்ந்த பிரயண்ட் முதலானோர், குளோரைடின் கடத்து திறன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர்.

இக்குறை ஒன்றே விறைப்பை உண்டாக்கப் போதுமா? உயிருள்ள தசையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருத்தல் அரிது. கணிப்பொறியில் அது எளிது. ஏட்ரியனும் மார்ஷலும் தசையிழை மாதிரியில் குளோரைடின் பங்கைக் குறைத்துக் கணித்துப் பார்த்தனர். இயல்பான மாதிரி, தூண்டல் நின்றவுடன் துடிப்பை நிறுத்தியது. குளோரைடு குறைந்த மாதிரியோ, தூண்டல் நின்ற பின்னரும் துடித்துக்கொண்டிருந்தது. குறுக்குக் குழல்களில் தேங்கிய பொட்டாசியம் மின்னழுத்தத்தை உயர்த்த, தடுத்து நிறுத்தக் கலங்கல் இல்லாமையால் துடிப்புக்கு மேல் துடிப்பு எழுந்தது. கையை விரிக்க நினைத்தும் விரல்கள் விரியாமைக்குக் காரணம் இதுவே. இவ்வாய்வு வெளிவந்த ஆண்டு 1976. தாம்சன் எழுதிச் சரியாக நூறாண்டு கழித்து, நடிப்பு என்னும் பழிக்குச் சமன்பாடுகளே சாட்சி சொல்லின எனலாம். மனிதரில் இக்குளோரைடுத் தடத்தின் மரபணுப் பிழை 1992இல் கண்டறியப்பட்டது.

விறைப்பும் தளர்ச்சியும்

இதனினும் வியப்பானது, மாறுபட்ட இரு நோய்க்குறிகள் ஒரே பிழையின் இரு முகங்களாதல். சிலருக்குக் குருதியில் பொட்டாசியம் உயரும்போது தசைகள் முதலில் விறைக்கும். பின்னர் அடியோடு தளர்ந்து செயலிழக்கும். இவர்களின் சோடியத் தடங்கள் திறந்தபின் முழுமையாக அடைபடுவதில்லை. கேனன், பிரௌன், கோரி ஆகியோர் 1993இல் இதனைக் கணிப்பொறி மாதிரியில் ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு தடங்கள் அடைபடாமல் கசிந்தாலே போதும் என்று அம்மாதிரி காட்டியது. கசிவு குறைவாயின் ஓயாத துடிப்பு எழுந்து விறைப்பு. சற்று மிகுந்தால் மின்னழுத்தம் உயர்ந்த நிலையில் சிக்கிக்கொள்ள, எஞ்சிய நல்ல தடங்களும் அடைபட்டுத் தளர்ச்சி. தொண்ணூற்றெட்டு நல்ல மதகுகள் இருந்தும் இரண்டின் பழுது முழு ஏரியையும் முடக்கிவிடுகிறது.

பொட்டாசியம் குறைவதால் வரும் தளர்ச்சியும் உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பகலெல்லாம் கடுமையாக உழைத்த இளைஞர் ஒருவர், இரவு வலீமா விருந்தில் வயிறார உண்டு உறங்குகிறார் எனக் கொள்வோம். விடியலில் விழிக்கும்போது கால்களை அசைக்க இயலவில்லை. உணர்ச்சி இருக்கிறது, அறிவு தெளிவாக இருக்கிறது, உடல் மட்டும் கட்டளையை ஏற்கவில்லை. சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில், தானே சரியாகிவிடுகிறது. இதனைக் கண்டவர் பேய் பிடித்தது என்பர். வேலைக்குச் செல்ல மனமில்லை என்பர். மாவுப்பண்டம் மிகுந்த உணவு இன்சுலினைத் தூண்டுகிறது; இன்சுலின் குருதியிலுள்ள பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. இயல்பான தசை இதனைத் தாங்கும். தடங்களில் பிறவிப்பிழை உடைய தசையில், பொட்டாசியம் குறைந்த வேளையில் மின்னழுத்தம் முரணாக உயர்ந்து, சோடியத் தடங்கள் அடைபட்டுவிடுகின்றன. தைராய்டுச் சுரப்பு மிகுந்தோருக்கும் இத்தகைய தளர்ச்சி வருவதுண்டு. ஆசிய நாட்டு இளைஞரிடையே இது குறிப்பாகக் காணப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரு வகைத் தளர்ச்சியும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் மருத்துவம் நேர்மாறானது. ஒன்றுக்குப் பொட்டாசியம் மருந்து. மற்றொன்றுக்கு அதுவே தீங்கு. எனவே தளர்ச்சி வந்த வேளையில் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனை சென்று குருதியின் பொட்டாசிய அளவையும் இதயத் துடிப்பையும் சோதிப்பது இன்றியமையாதது, கைவைத்தியம் கூடாது. நோயின் காரணத்தைத் தேர்ந்த பின்னரே தீர்வு என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் நெறிக்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

நம் நாட்டு முயற்சிகள்

தமிழகத்திலும் இத்துறை வேரூன்றியுள்ளது. பூவிருந்தவல்லி வழியே மேற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்பொறியியல் துறைப் பேராசிரியராகப் பணியாற்றியவர் சுரேஷ் தேவசகாயம். உடலின் மின்குறிகளை ஆராய்வதையும் உடலியக்கங்களைக் கணித மாதிரிகளாக அமைப்பதையும் பயிற்றும் அவருடைய ஆங்கில நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, 2013இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வாளர்கள், தோலின் மீது மின்வாய்களைப் பொருத்தித் தசைக்குறிகளைப் பதிந்து, உழைப்பால் தசை களைப்புறும்போது அவை எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆராய்ந்து வந்துள்ளனர். தோலின் மேல் கிடைக்கும் குறி, பல்லாயிரம் இழைகளின் துடிப்புகள் கலந்த ஓசை போன்றது. அதனைப் பிரித்தறிய, தனியிழையின் கணிதமே அடிப்படையாகிறது.

இத்தகைய கணிப்புக்கு விலைமிக்க கருவிகள் வேண்டுவதில்லை. யேல் பல்கலைக்கழகம் சார்ந்து வளர்ந்த 'நியூரான்' என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கல்லூரி ஆய்வகத்துச் சாதாரணக் கணிப்பொறியிலேயே அதனை இயக்கலாம். கணிதமும் இயற்பியலும் பயிலும் நம் மாணவர்கள் முயன்றால் ஒரு தசையிழையைத் திரையில் துடிக்கச் செய்யலாம். குளோரைடைக் குறைத்து அது விறைப்பதையும் காணலாம்.

ஆயினும் மாதிரி என்பது உடலன்று. அளந்தறிந்த எண்கள் எவ்வளவு நம்பத்தக்கனவோ அவ்வளவே அதன் விடையும் நம்பத்தக்கது. தவளையிலும் எலியிலும் அளந்தவற்றை மனிதருக்குப் பொருத்துகையில் விழிப்பு வேண்டும். மாதிரி காரணத்தைத் தெளிவாக்கும். நோயாளியைத் தொட்டுச் சோதிக்கும் மருத்துவரின் இடத்தை அது நிரப்பாது.

சொல்லும் பொருளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் காலத்தில் அயனித் தடங்களும் அறியப்படவில்லை, கணிப்பொறியும் இல்லை. ஆனால் நோயுற்றவரின் மொழியில் நோயைச் சொல்லுதல் வேண்டும் என்னும் அவருடைய கொள்கை இன்றும் பொருந்துகிறது. மதகு, கலங்கல், வரத்து, வடிகால் என்னும் உழவர் சொற்களே தசையிழையின் மின்தொழிலை விளக்கப் பெரிதும் போதுமானவையாக இருந்ததை இக்கட்டுரையில் கண்டோம். புதிய கலைச்சொற்களை ஆக்குவதோடு, இருக்கும் சொற்களைப் புதிய பொருளுக்குப் பழக்குவதும் தமிழ் பயில்வோர் கடமையாகும்.

முடிவுரை

தசையிழையின் மென்படலத்தில் நிகழும் மின்துடிப்பு, சில அயனித் தடங்களின் திறப்பாலும் அடைப்பாலும் அமைவது. அதனைச் சமன்பாடுகளாக்கி அடியடியாகக் கணித்தால் உயிருள்ள தசையின் நடத்தை திரையில் தோன்றுகிறது. ஒரு தடத்தைப் பழுதாக்கினால் நோயும் தோன்றுகிறது. அந்நோய் மனத்தின் குறையுமன்று, ஒழுக்கத்தின் குறையுமன்று. நூற்றில் இரண்டு மதகுகளின் குறையே என்பதைக் கணிப்பொறி எண்களால் மெய்ப்பிக்கிறது. கை விரியாத மாணவனை எழுதச் சோம்புகிறான் என்றும், காலையில் எழ இயலாத தொழிலாளியை வேலைக்கு அஞ்சுகிறான் என்றும் சொல்லும் முன், அவர்களை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாயின், இவ்வறிவின் பயனை நாம் அடைந்தவர்கள் ஆவோம்.